காத்திருக்க முடிந்தவர்களின் மலை

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ட்ரியர், கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மோசெல் ஆற்றில் வந்து கலக்கும் ரூவர் என்ற சிற்றாற்றின் கரையில் மெர்டெஸ்டோர்ஃப் என்றொரு கிராமம் இருக்கிறது. மார்க்ஸின் அப்பா ஹைன்ரிஷ் மார்க்ஸுக்கு அங்கே திராட்சைத் தோட்டம் இருந்தது. வக்கீல் தொழிலில் நாலு காசு சேர்ந்ததும் பக்கத்து மலைச்சரிவில் ஒரு துண்டு வாங்கிப் போடுவது அந்தக் காலத்து ட்ரியரில் வசதியான குடும்பங்களின் வழக்கம்தான்.

அதே கிராமத்தில்தான் மாக்ஸிமின் க்ரூன்ஹௌஸ் என்ற புகழ்பெற்ற ரீஸ்லிங் தோட்டமும் இருக்கிறது. எழுத்துச் சான்றோடு ஆயிரம் ஆண்டைத் தாண்டிய தோட்டம். மோசெல் விவசாயிகளைப் பற்றி மார்க்ஸ் 1843-இல் எழுதிய கட்டுரையைப் படிக்கப் போய், அதன் பின்னணியைத் தேடித்தான் நான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தேன். ஒயின் ரசிகர்கள் இந்தத் தோட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என்ன வாசனை, எந்த வருடம் உசத்தி, எவ்வளவு காலம் பாதாள அறையில் வைக்கலாம் என்றெல்லாம். எனக்குக் கேட்கத் தோன்றியது வேறு: இந்த மலையில் நல்ல ஒயின் எடுக்க யாரால் முடிந்தது, யாரால் முடியாமல் போனது?

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். மோசெல், சார், ரூவர் மூன்று ஆறுகளும் சிலேட்டுப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. நாம் சின்ன வயதில் எழுதிப் பழகினோமே, அந்தச் சிலேட்டின் அதே வகைக் கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, அழுத்தத்தில் இறுகித் தகடு தகடாக ஆகிவிட்டது. ட்ரியர் ஏறக்குறைய 50 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை பழுக்க இது குளிர் அதிகமான இடம். சமதளத்தில் நட்டால் பல வருடங்களில் பழம் கனியாது. ஆனால் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவில் வெயில் கிட்டத்தட்ட நேராக விழும். கறுத்த சிலேட்டு பகலில் அந்தச் சூட்டை வாங்கிவைத்துக்கொண்டு ராத்திரியில் மெல்ல விடும். குளிர்நாட்டில் கொடிகளுக்குக் கிடைத்த அடுப்பு அது.

அந்த அடுப்புக்கு ஒரு விலை உண்டு. சிலேட்டு நிற்காது. ஒவ்வொரு மழைக்கும் தகடுகள் சரிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். அதை முதுகுக்கூடையில் அள்ளி, மலையேறி, திரும்ப மேலே கொட்ட வேண்டும். எருவும் அப்படியேதான் போக வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு கழி நட்டு, தண்டுகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவது இங்கே பழைய முறை. சரிவில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடந்து வேலை செய்ய அதுதான் தோது. மாடோ ஏரோ ஏறாத இடம். இன்றைக்கும் சமதளத் தோட்டத்தைப் போலப் பல மடங்கு ஆள்வேலை இங்கே தேவைப்படுகிறது.

க்ரூன்ஹௌஸைப் பற்றிய முதல் ஆவணம் 966-ஆம் ஆண்டு பிப்ரவரி 6 தேதியிட்டது. பேரரசர் முதலாம் ஓட்டோ, ட்ரியரில் இருந்த புனித மாக்ஸிமின் மடத்துக்கு இந்த நிலத்தையும் தோட்டத்தையும் உறுதிசெய்து கொடுத்த சாசனம். 7-ஆம் நூற்றாண்டில் ஃபிராங்கிய அரசர் டகோபெர்ட் கொடுத்த கொடையைத்தான் அது உறுதிப்படுத்துகிறது. அதற்கும் முந்தைய தடயங்கள் உண்டு. ரோமானியர்கள் ரூவரிலிருந்து ட்ரியருக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய் இந்த வழியாகத்தான் போனது.

மடம் இந்தத் தோட்டத்தை 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை வைத்திருந்தது. அது விட்டுச்சென்ற மூன்று பெயர்கள் இன்றும் புட்டிகளின் மேல் இருக்கின்றன. ஆப்ட்ஸ்பெர்க் என்றால் மடாதிபதியின் மலை. ஹெரன்பெர்க், குருமார்களின் மலை. ப்ரூடர்பெர்க், சகோதரர்களின் மலை. அதாவது மடத்தில் சேவை செய்த எளிய துறவிகளுக்கு உரியது. ஆப்ட்ஸ்பெர்க் சுமார் 14 ஹெக்டேர், நீலச் சிலேட்டு. ஹெரன்பெர்க் சுமார் 19 ஹெக்டேர், சிவப்புச் சிலேட்டு. ப்ரூடர்பெர்க் வெறும் 1 ஹெக்டேர். யாருடைய மேசைக்கு எந்தச் சரிவு என்பதில் மடத்தின் பந்தி வரிசையே தெரிகிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சரிவு. கூடை சுமந்தவர்கள் பெயரில் மட்டும் எதுவுமில்லை.

ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் கொடி. ட்ரியரின் புனித யாக்கோபு மருத்துவமனை 1464 வாக்கில் ரீஸ்லிங் கன்றுகள் வாங்கியதற்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது இந்தப் பகுதி முழுக்கப் பரவ வெகுகாலம் பிடித்தது. 1787-இல் ட்ரியரின் கடைசி பேராயர்-இளவரசர் க்ளெமென்ஸ் வென்ஸெஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நடச் சொல்லி ஆணை போட வேண்டியிருந்தது. ஆணை போட்டுத்தான் செய்ய வைக்க வேண்டும் என்றால் விவசாயி அதை விரும்பவில்லை என்றுதானே அர்த்தம். ஏன் விரும்பவில்லை?

கணக்கு சுலபமானது. மட்டக் கொடி சீக்கிரம் பழுக்கும், நிறைய காய்க்கும். ரீஸ்லிங் அக்டோபர் கடைசிவரை, சில வருடம் நவம்பர்வரை இழுத்தடிக்கும். ஒவ்வொரு வாரம் பொறுத்தால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். கூடவே மழை, அழுகல், உறைபனி, பறவைக் கூட்டம் என்று எதுவும் வரலாம். பொறுத்தவனுக்குத் தேன் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஜெர்மன் புட்டிகளில் ‘ஷ்பேட்லேஸ’ என்று ஒரு தரப்பெயர் பார்த்திருப்பீர்கள். அதன் நேரடிப் பொருளே ‘தாமத அறுவடை’தான். ஆக, இந்த ஒயினின் தரம் என்பது காத்திருப்பின் இன்னொரு பெயர். காத்திருக்க வேண்டுமானால் இந்த வருட அறுவடை போனாலும் அடுத்த வருடம் சாப்பாடு இருக்க வேண்டும்.

மடத்துக்கு அது இருந்தது. பல ஊர்களில் நிலம், தசமபாகம், தானியக் களஞ்சியம். ரெண்டு வருடம் புளித்துப் போனாலும் மடாதிபதியின் பந்தி நிற்காது.

1794-இல் ஃபிரெஞ்சுப் படைகள் ட்ரியருக்குள் வந்தன. மடங்கள் கலைக்கப்பட்டு, அவற்றின் சொத்துகள் தேசியச் சொத்துகளாக ஏலத்துக்கு வந்தன. ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக் கைமாற்றங்களில் அது ஒன்று. புரட்சி உழுபவனுக்கு நிலம் கொடுத்தது என்று பொதுவாகச் சொல்வோம். நல்ல சரிவுகளில் நடந்தது வேறு. ஏலத்தில் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டுமே. க்ரூன்ஹௌஸ் 1810-இல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் ஹாண்டெல் என்ற பிரபுவின் கைக்குப் போனது. மடாதிபதி போனார், பிரபு வந்தார். அந்த மலைக்குக் காத்திருக்க முடிந்த ஒரு முதலாளி கிடைத்துவிட்டார்.

சிறு விவசாயிகளுக்கும் ஏதோ கிடைத்தது. தசமபாகம் ஒழிந்தது, துண்டு நிலம் வாங்க முடிந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு என்ற, ஏற்கெனவே அங்கே இருந்த வழக்கத்தை நெப்போலியனின் சட்டம் உறுதிப்படுத்தியது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்ததும் ரைன் பகுதி பிரஷ்யாவுக்குப் போனது. முதலில் அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது. 1818-இன் சுங்கச் சட்டம் மற்ற ஒயின்களை வெளியே நிறுத்தியது. பிரஷ்யாவின் பெரிய சந்தைக்கு மோசெல்தான் உள்ளூர்ச் சரக்கு. விலை ஏறியது. விவசாயிகள் கடன் வாங்கி, தோதில்லாத சரிவுகளில்கூடக் கொடி நட்டார்கள். 1819-லேயே பிழிந்த சாற்றுக்கு வரி வந்துவிட்டது. நல்ல காலத்தில் அது பெரிதாக உறைக்கவில்லை. பிறகு பிரஷ்யா மற்ற ஜெர்மன் நாடுகளுடன் ஒவ்வொன்றாகச் சுங்க உடன்பாடு போட்டது. 1834 ஜனவரி 1 அன்று ஜெர்மன் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தபோது கதவு முழுசாகத் திறந்துவிட்டது. வெயில் அதிகமான தெற்கிலிருந்து மலிவான ஒயின் உள்ளே வந்தது. மோசெல் விலை சரிந்தது. கடன் அப்படியே நின்றது, வரியும் நின்றது. ஜப்தி, ஏலம், அமெரிக்காவுக்குக் கப்பல் என்று ஊர்கள் காலியாகத் தொடங்கின.

ஜெர்மன் ஒன்றுபடலின் முதல் படி என்று பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும் அதே சுங்க ஒன்றியம்தான் இது. பெரிய சந்தை உருவாகும்போது அதன் செலவை எந்த ஊர் கட்டியது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் மார்க்ஸ் வருகிறார். வயது 24. கொலோன் நகரில் ‘ரைனிஷ் ஸைடுங்’ பத்திரிகையின் ஆசிரியர். 1842 டிசம்பரில் பீட்டர் கோப்லென்ஸ் என்ற வக்கீல், மோசெல் விவசாயிகளின் நிலைமை பற்றிப் பெயர் போடாமல் எழுதுகிறார். மாகாணத் தலைவர் ஃபான் ஷாப்பர், சொன்னதற்கெல்லாம் ஆதாரம் காட்டு என்று பத்திரிகைக்கு நெருக்கடி கொடுக்கிறார். கோப்லென்ஸால் பதில் எழுத முடியவில்லை. மார்க்ஸே உட்கார்ந்து எழுதுகிறார். 1843 ஜனவரியில் அது தொடராக வருகிறது.

நான் எதிர்பார்த்துப் போனது கோபமான ஒரு துண்டுப் பிரசுரம். கையில் கிடைத்ததோ கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் ஒரு வக்கீல் பிள்ளையின் நிதானம். விவசாயச் சங்கம் மேலிடத்துக்கு மனு போடுகிறது: வரி மதிப்பீடு தப்பு, நிகர வருமானமே இல்லாத இடத்தில் வரி போடுகிறீர்கள் என்று. அரசு அந்த மனுவை யாரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கிறது? ட்ரியரின் நிலவரிப் பதிவு அலுவலகத் தலைவரிடம். மதிப்பீடு செய்த துறையிடமே, மதிப்பீடு சரியா என்று கேட்கிறார்கள். சரிதான் என்று பதில் வருகிறது. விவசாயிகள் மிகைப்படுத்துகிறார்கள், நல்ல வருடங்களில் ஆடம்பரமாக வாழ்ந்தார்கள், நிலத்தைத் துண்டு போடுவதுதான் பிரச்சினை. அதிகாரிகளின் கருத்து இந்தத் திசையில்தான் போகிறது.

மார்க்ஸ் இதில் எந்தத் தனி அதிகாரியையும் அயோக்கியன் என்று சொல்லவில்லை. அவருடைய வாதம் அதைவிடக் கூர்மையானது. நிர்வாகம் தன் விதிகள் சரியானவை என்ற நம்பிக்கையில்தான் இயங்குகிறது. ஆகவே துன்பம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் நிர்வாகத்துக்கு வெளியே, துன்பப்படுகிறவனிடமோ இயற்கையிடமோதான் இருக்க முடியும் என்று அது நினைத்தாக வேண்டும். நல்லவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதேதான் நடக்கும். அதனால்தான் ஆள்பவரும் ஆளப்படுபவரும் சமமாக நின்று பேச மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும், அது சுதந்திரமான பத்திரிகை என்கிறார்.

அந்த இடத்துக்கு என்ன ஆனது? கட்டுரை வந்துகொண்டிருந்த அதே ஜனவரியில், பத்திரிகையை ஏப்ரல் 1 முதல் தடை செய்வதாக பெர்லினில் முடிவெடுத்துவிட்டார்கள். திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் அச்சேறியது. மார்ச்சில் மார்க்ஸ் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். பல ஆண்டுகள் கழித்து, 1859-இல், பொருளாதாரப் பிரச்சினைகளுக்குள் தன்னை முதலில் தள்ளிய விஷயங்களில் இதையும் காட்டில் விறகு பொறுக்கியதைத் திருட்டாக்கிய சட்டத்தையும் அவரே குறிப்பிடுகிறார். அரசியலிலிருந்து பொருளாதாரத்துக்கும் அங்கிருந்து சோஷலிசத்துக்கும் தன்னைக் கொண்டுவந்தது இவைதான் என்று மார்க்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வார் என, எங்கெல்ஸ் 1895-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ‘மூலதன’த்துக்குப் போகும் பாதையின் ஒரு கிளை இந்தச் சிலேட்டுச் சரிவில் தொடங்குகிறது.

ட்ரியரில் இன்னொருவரும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். லூட்விக் கால், அரசு அலுவலகச் செயலர். ஜெர்மனியின் ஆரம்பகால சோஷலிஸ்டுகளில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். அவர் தேடியது நடைமுறைத் தீர்வு. ஏழை விவசாயி காத்திருக்க முடியாமல் சீக்கிரம் பறிக்கிறான், சாறு புளிக்கிறது, வியாபாரி வாங்க மாட்டேன் என்கிறான். சரி, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அந்தச் சாற்றில் சேர்த்தால்? தண்ணீர் புளிப்பைக் குறைக்கும், சர்க்கரை நொதித்துச் சாராய வீரியத்தைக் கூட்டும். 1850களில் கால் இந்த முறையைப் பரப்பினார். மோசெலில் ஏராளமான குடும்பங்கள் அதனால் பிழைத்தன. வானமும் வட்டிக்காரனும் கொடுக்காத அந்த மூன்று வாரத்தைச் சர்க்கரை மூட்டை கொடுத்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெரிய தோட்டங்களுக்கு அது தேவைப்படவில்லை. 1868-இல் ட்ரியர் பகுதியின் வரி அதிகாரி க்ளோட்டென் ஒரு வரைபடம் வெளியிட்டார். நிலவரிக்காக மதிப்பிட்ட நிகர வருமானத்தை வைத்து ஒவ்வொரு சரிவுக்கும் நிறம் தீட்டிய படம். தரம் உயர உயர நிறமும் அடர்கிறது. இன்று ஒயின் ரசிகர்கள் அதன் மறுபதிப்பைச் சுவரில் மாட்டி ரசிக்கிறார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வரிக்கணக்கிலிருந்து பிறந்தது. மார்க்ஸின் கட்டுரையில் விவசாயிகள் தப்பு என்று மனுப் போட்டார்களே, அதே வகை மதிப்பீட்டு வேலைதான், ஒரு தலைமுறை கழித்து, உயர்ந்த ஒயின்களின் விளம்பரமாக மாறிவிட்டது.

1882-இல் க்ரூன்ஹௌஸ் மறுபடி கைமாறியது. வாங்கியவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஸ்டும். சார் பகுதியின் நாய்ன்கிர்ஷெனில் இரும்பாலை வைத்திருந்தவர். பின்னால் பிரபுப் பட்டமும் பெற்றார். நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்டுகளுக்கு எதிராக அவரளவு கடுமையாகப் பேசியவர்கள் குறைவு. தன் தொழிலாளிகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூடத் தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்திருந்தார். அவருடைய ஆட்சியைக் கிண்டலடித்து அந்தப் பகுதியையே ‘சாராபியா’ என்றார்கள். அதேசமயம் தொழிலாளர்களுக்கு முதுமைக்கால, ஊனமுற்றோர் காப்பீடு வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசியவர்களில் அவரும் ஒருவர். அப்பா மாதிரி அடிப்பேன், சோறும் போடுவேன் என்கிற வகை. மார்க்ஸ் குடும்பம் தோட்டம் வைத்திருந்த கிராமத்தின் சிறந்த சரிவு, மார்க்ஸ் லண்டனில் சாவதற்கு முந்தைய வருடம், ஜெர்மன் சோஷலிசத்தின் பெரிய எதிரிகளில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. வரலாறு இப்படிச் சில சமயம் குறும்பு செய்யும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஸ்டும்முக்குப் பின்னால் இரும்பு இருந்தது. ஒரு அறுவடை முழுசாகப் போனாலும் உலை எரிந்துகொண்டிருக்கும். காத்திருப்பதற்கு அதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

அந்தத் தலைமுறையில் மோசெல் ரீஸ்லிங் உலகப் புகழ் பெற்றது. புகழ் வந்ததும் வேலியும் வந்தது. 1908-இல் ட்ரியர் மேயர் ஆல்பெர்ட் ஃபான் ப்ரூஹ்ஹௌஸெனின் முயற்சியில் பெரிய தோட்டங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தன. 1910-இல் நாடளவில் ‘இயற்கை ஒயின்’ ஏலம் விடுவோர் சங்கம் உருவானது. இயற்கை ஒயின் என்றால் சர்க்கரை சேர்க்காதது. தரத்தைக் காப்பாற்றிய சங்கம் அது, சந்தேகமில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டுப் பாருங்கள். காத்திருக்க வழியில்லாமல் சர்க்கரை போட்டவனின் ஒயின் ‘இயற்கை’ அல்ல என்றாகிவிட்டது. வறுமை, சுவைக்குறையாகப் பெயர் மாறியது. வகுப்பு வித்தியாசம் நாக்கில் வந்து உட்காரும் இடம் இதுதான்.

அடுத்த போருக்குப் பின் எல்லாம் திரும்ப நடந்தது. வெளிநாட்டு மலிவு ஒயின், கடன், ஒயின் வரி. 1926 பிப்ரவரி 25 அன்று மோசெல் விவசாயிகள் பெர்ன்காஸ்டெலில் திரண்டு வரி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். கோப்புகளை ஜன்னல் வழியாக வீசித் தெருவில் கொளுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் ஒயின் வரி ரத்தானது. 1843-இல் ஒரு பத்திரிகை பொறுமையாகக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது, பத்திரிகைதான் மூடப்பட்டது. 83 வருடம் கழித்து அதே மாதிரிக் கோப்புகளுக்கு நெருப்பு வைத்தபோது உடனே காது கேட்டது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. மனுவுக்குக் காது கொடுக்காத நிர்வாகம், மக்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

1971-இன் ஒயின் சட்டம் ‘இயற்கை ஒயின்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றத்தை வானம் செய்தது. பூமி சூடாகி, ஒரு காலத்தில் பத்து வருடத்தில் சில தடவை மட்டும் கனிந்த ரீஸ்லிங் இன்று அநேகமாக எல்லா வருடமும் கனிகிறது. கால் சர்க்கரையால் வாங்கித் தர முயன்ற வாரங்களை இப்போது வெயில் இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியென்றால் சிறு விவசாயி ஜெயித்துவிட்டானா?

இல்லை. மோசெல் பகுதியில் 1980களின் கடைசியில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு இன்று 9,000-க்கும் கீழே வந்துவிட்டது. செங்குத்துச் சரிவுகள்தான் முதலில் கைவிடப்படுகின்றன. பழம் கனிந்தாலும் கூலி கட்டாது. பெயர் பெற்ற சரிவுகள் நிற்கின்றன. ஸ்டும்மின் வழிவந்த ஃபான் ஷூபெர்ட் குடும்பம் க்ரூன்ஹௌஸை நல்லபடியாகத்தான் நடத்துகிறது, ஆப்ட்ஸ்பெர்க்கின் புட்டிக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. பெயரில்லாத பக்கத்துச் சரிவில், வயதான ஒருவர் வேலையை நிறுத்தினால் எடுத்துச் செய்ய அடுத்தவர் வருவதில்லை. சில வருடத்தில் முட்புதர் கழிகளை மூடிவிடுகிறது. மழைக்கு மழை சிலேட்டு வழக்கம்போல அடிவாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கூடையில் அள்ளித் திரும்ப மேலே கொண்டுபோக அங்கே ஆள் இல்லை.